மண் வேலை, காங்கிரீட் வேலை சொந்தமா எடுத்துச் செய்யணுமா? புதுசா இறங்குற குடும்பங்களுக்கு

ஒரு ஜேசிபி, ஒரு டிப்பர், காங்கிரீட் கலக்குற ஒரு மில்லர் மிஷின், கூட நிக்க அண்ணன் தம்பி ரெண்டு பேரு, இவ்வளவு இருந்தா காண்ட்ராக்ட் ஆரம்பிச்சுடலாம்னு நம்ம ஊர்ல நிறைய பேர் நினைக்கிறாங்க. ஆரம்பிக்கலாம், தப்பில்ல. ஆனா இந்தத் தொழில்ல கை சுடுறவங்க முக்கால்வாசி பேர் ரேட் கம்மியா பேசினதால நஷ்டப்படல, அளக்காம விட்டதாலயும் எழுதி வாங்காம விட்டதாலயும்தான் நஷ்டப்படுறாங்க. மண்ணை அள்ளிட்டா அளக்க முடியாது, காங்கிரீட்டை ஊத்திட்டா உள்ள என்ன கம்பி இருக்குன்னு காட்ட முடியாது. அதனால கீழ சொல்ற ஒவ்வொரு படியிலயும் டேப்பும் நோட்டும் வரும், சலிச்சுக்காம படிங்க.

முதல் படி: மிஷின் வாங்காதீங்க, இப்போதைக்கு

புது ஜேசிபி (பேக்ஹோ) வண்டி 30 லட்சத்துக்கு மேல ஆகுது, பைனான்ஸ்காரங்க வீட்டு வாசல்ல வந்து கையெழுத்து வாங்கிட்டுப் போவாங்க, அதனால வாங்குறது சுலபம். ஓட்டுறதுக்கு மாசம் எத்தனை மணி நேரம் வேலை இருக்குங்கறதுதான் கேள்வி. ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. மாசத் தவணை 70,000, ஆப்பரேட்டர் சம்பளம் பேட்டா சேர்த்து 25,000ன்னு வச்சுக்கங்க. மண்ணைப் பொறுத்து மணிக்கு அஞ்சு ஆறு லிட்டர் டீசல் குடிக்கும், அதுக்கு ஒரு 500 ரூபா. மாசம் 120 மணி நேரம் ஓடினா தவணைக்கே மணிக்கு 583 ரூபா, ஆப்பரேட்டருக்கு 208, டீசல் 500, மொத்தம் கிட்டத்தட்ட 1,290. இதுல கிரீஸ், ஆயில், பக்கெட் பல்லு, டயர், இன்சூரன்ஸ் எதுவுமே சேரல. அதே வண்டி 200 மணி நேரம் ஓடினா 975தான் அடக்கம். உங்க ஊர்ல மணிக்கு என்ன வாடகை ஓடுதோ அதை இதோட வச்சுப் பாருங்க, எத்தனை மணி நேரத்துல நீங்க பிழைப்பீங்கன்னு தெரிஞ்சுடும்.

என்னோட யோசனை இதுதான்: முதல் ஒரு வருஷம் வண்டியை வாடகைக்கு எடுத்து வேலையை மட்டும் நீங்க பிடிங்க. அந்த ஒரு வருஷத்து நோட்டைப் பார்த்து மாசா மாசம் 150 மணி நேரத்துக்கு மேல வாடகை கொடுத்திருக்கோம்னு தெரிஞ்சா அப்புறம் சொந்த வண்டி பத்தி பேசலாம். மில்லர், வைப்ரேட்டர் (காங்கிரீட்டை அதிர வச்சு இறுக்குற மிஷின்), சென்ட்ரிங் ஷீட் (காங்கிரீட் ஊத்த அடியில வைக்கிற தகடு), ஜாக்கி (அதைத் தாங்குற முட்டு) இதெல்லாம் வேற விஷயம், வைப்ரேட்டர் மட்டும் முதல் நாள்லயே சொந்தமா வாங்கிடுங்க, வாடகை வைப்ரேட்டர் பாதி காங்கிரீட்டுல நின்னு போறது எல்லா ஊர்லயும் நடக்குறதுதான், அதனால அதோட ஊசி (காங்கிரீட்டுக்குள்ள விடுற முனை) ஒன்னு ஸ்பேர்ல இருக்கணும்.

செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போனா ஹவர் மீட்டரை (எத்தனை மணி நேரம் ஓடிச்சுன்னு காட்டுறது) மட்டும் நம்பாதீங்க. பூமோட (பக்கெட்டைத் தூக்குற கையோட) பின்னு புஷ்ஷு ஆட்டிப் பாருங்க, வண்டி சூடான பிறகு பூமைத் தூக்கி நிறுத்தி கொஞ்ச நேரம் கழிச்சு இறங்குதான்னு பாருங்க, ஆர்சி, இன்சூரன்ஸ், பைனான்ஸ் பாக்கி இல்லைன்னு என்ஓசி எல்லாத்தையும் கையில வாங்கிட்டு அட்வான்ஸ் கொடுங்க.

குடும்பத்துக்குள்ள பேசி முடிக்க வேண்டியது

குடும்பத் தொழில்ல சண்டை வர்றது சைட்ல இல்ல, வீட்டுலதான். அப்பா ஒரு ரேட் சொல்லுவாரு, தம்பி போன்ல வேற ரேட் சொல்லுவான், மச்சான் அவரோட ப்ரெண்டுக்குன்னு டீசல் காசுக்கு மட்டும் வண்டியை அனுப்புவாரு. முதல்லயே முடிவு பண்ணிடுங்க: ரேட் பேசுறது ஒரே ஆள். மத்தவங்க எல்லாரும் "அண்ணன்கிட்ட கேட்டுட்டு சொல்றேங்க"ன்னு சொல்லிப் பழகணும். சைட்ல நிக்கிறது ஒருத்தர், கணக்கு எழுதுறது ஒருத்தர், இந்த ரெண்டும் ஒரே ஆளா இருக்கக் கூடாது, ஏன்னா வெயில்ல நின்னுட்டு வந்து ராத்திரி ஒன்பது மணிக்கு யாரும் ஒழுங்கா எழுத மாட்டாங்க. பல வீடுகள்ல மனைவியோ அக்காவோ கணக்கு பார்க்கிறாங்க, அப்படிப் பார்க்கிறவங்களுக்கும் மாசச் சம்பளம்னு ஒன்னு வைங்க. எல்லாருக்குமே வைங்க. சம்பளம் இல்லாம "தேவைப்படும்போது எடுத்துக்கலாம்"னு விட்டா எவ்வளவு லாபம்னு கடைசி வரைக்கும் தெரியாது.

தொழிலுக்குன்னு தனியா ஒரு கரண்ட் அக்கவுண்ட். வீட்டுச் செலவு அதுல இருந்து போகவே கூடாது. ரெண்டு மூனு பேரு பணம் போட்டு ஆரம்பிச்சா பார்ட்னர்ஷிப் டீட் எழுதி பதிவு பண்ணிடுங்க, யாரு வண்டி, யாரு பேர்ல லோன், யாராவது பிரிஞ்சு போனா எப்படிப் பிரிக்கிறதுன்னு அதுல இருக்கட்டும். சொந்தக்காரங்களுக்குள்ள எதுக்கு எழுத்துன்னு கேப்பாங்க. சொந்தம் கெடாம இருக்கத்தான் எழுத்து.

பேப்பர் வேலை, சுருக்கமா

உத்யம் (சிறு தொழில்) பதிவு ஆதாரை வச்சு ஆன்லைன்ல இலவசமாவே பண்ணலாம், யாருக்கும் ஆயிரம் ரெண்டாயிரம் கொடுக்காதீங்க. ஜிஎஸ்டி: சர்வீஸ்ல வருஷ வரவு 20 லட்சம் தாண்டினா பதிவு கட்டாயம். மெட்டீரியலோட எடுத்துச் செய்யுற காண்ட்ராக்ட்டுக்கும் மிஷின் வாடகைக்கும் பொதுவா 18 சதவீதம். தனி வீடு ஒன்னுக்கு வெறும் லேபர் காண்ட்ராக்ட் மட்டும் எடுத்தா அதுக்கு வரி விலக்கு இருக்கு, புதுசா வர்றவங்க பல பேருக்கு இது தெரியறதில்ல, ஆடிட்டர்கிட்ட கேட்டு உறுதி பண்ணிக்கங்க. ரேட் சொல்லும்போது "ஜிஎஸ்டி தனி"ன்னு எழுதாம விட்டுட்டா அந்த 18 உங்க பாக்கெட்ல இருந்து போகும். சிமெண்ட்டுக்கு 28ஆ இருந்த வரி 2025 செப்டம்பர் 22ல இருந்து 18 ஆயிடுச்சு, பழைய கொட்டேஷனைக் காப்பி அடிக்கிறவங்க அதையும் மாத்திடுங்க.

கம்பெனிக்கோ பெரிய பில்டருக்கோ வேலை செஞ்சா பில்லுல டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கிற வருமான வரி) பிடிப்பாங்க, தனி ஆளா இருந்தா 1 சதவீதம், பார்ட்னர்ஷிப்பா இருந்தா 2. அது போன காசு இல்ல, ரிட்டர்ன் போட்டா கணக்குல வந்துடும்.

ஆளுங்களுக்கு: தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்துல 18ல இருந்து 60 வயசு வரைக்கும் பதிவு பண்ணலாம். உங்ககிட்ட தொடர்ந்து வர்ற கொத்தனாரு, சித்தாள், கம்பி கட்டுறவங்க எல்லாருக்கும் நீங்களே உக்காந்து பதிவு பண்ணிக் கொடுங்க. பிள்ளைங்க படிப்பு உதவி, கல்யாண உதவி, விபத்து நிவாரணம்னு அவங்களுக்கு வர வேண்டியது நிறைய இருக்கு, அவங்களால அலைய முடியாம விட்டுடறாங்க. அது போக உங்க பேர்ல ஒரு டபிள்யூசி (தொழிலாளர் விபத்து இழப்பீடு) பாலிசி எடுத்துடுங்க. வடக்க இருந்து வர்ற பசங்களையும் அதுல சேர்க்கணும், ஆதார் காப்பியும் வீட்டு போன் நம்பரும் வாங்கி வைக்கணும். ஒரு விபத்துல குடும்பமே கடனாளி ஆகுற தொழில் இது.

மண்ணை அளக்குறது

இங்கதான் முக்கால்வாசி லாபமும் நஷ்டமும் இருக்கு, கொஞ்சம் பொறுமையா பாருங்க.

நம்ம பக்கம் மண், ஜல்லி, எம்சாண்ட் எல்லாம் யூனிட் கணக்கு, ஒரு யூனிட் 100 கன அடி. ஒரு வீட்டுக்கு 100 அடி நீளம், 3 அடி அகலம், 4 அடி ஆழம் வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டணும்னா 1,200 கன அடி, அதாவது 12 யூனிட். 3 யூனிட் டிப்பர்னா நாலு லோடுல முடிஞ்சுடும்னு தோணும். முடியாது. இறுகிக் கிடந்த மண்ணைத் தோண்டிப் போட்டா அது உப்பும், மண்ணைப் பொறுத்து 20ல இருந்து 30 சதவீதம் வரைக்கும் கூடும். 25ன்னு வச்சா 15 யூனிட், அஞ்சு லோடு. நாலு லோடுன்னு பேசிட்டு அஞ்சாவது லோடை உங்க டீசல்ல ஓட்டுவீங்க. ஒரு வீட்டுக்கு இவ்வளவுன்னா ஒரு குளம் வெட்டுற வேலைக்கோ லே-அவுட் ரோடு வேலைக்கோ எவ்வளவு போகும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

நிரப்புறதுல இதுவே தலைகீழ். 1,000 சதுர அடி மனையை 3 அடி உயர்த்தணும்னா 3,000 கன அடி, 30 யூனிட். ஆனா லாரியில வர்றது உதிரி மண், தண்ணி விட்டு ரோலர் ஓட்டினா அமுங்கும், 37 யூனிட்ல இருந்து 40 யூனிட் வரைக்கும் கொண்டு வரணும். அதனால கொட்டேஷன்ல "இறுகின அளவுல" இல்லன்னா "லோடு கணக்குல"ன்னு ரெண்டுல ஒன்னைத் தெளிவா எழுதுங்க. ஒரேயடியா 3 அடி கொட்டி மேல மட்டும் ரோலர் விடுறது வேலையே இல்ல, முக்கால் அடி முக்கால் அடியா பரப்பி, ஈரம் காட்டி, ஒவ்வொரு அடுக்கா அமுக்கணும், இல்லாட்டி ஒரு மழைக்கு டைல்ஸ் உள்வாங்கும், உங்க பேரும் போயிடும்.

வேலை தொடங்குறதுக்கு முந்தின நாளே இடத்துக்குப் போங்க. மனையோட நாலு மூலையிலும் நடுவுலயும் மட்டம் எடுங்க, ஆட்டோ லெவல் கருவி இல்லன்னா தண்ணி டியூப் மட்டமே போதும், ரோட்டு மட்டத்தையோ பக்கத்து வீட்டு படிக்கட்டையோ குறிப்பா வச்சு எவ்வளவு கீழ எவ்வளவு மேலன்னு எழுதுங்க. டேப்பைப் பிடிச்சு போட்டோ எடுங்க. எழுதின தாள்ல வீட்டுக்காரர் கையெழுத்து வாங்குங்க. மூஞ்சி சுளிப்பாரு, பரவாயில்ல. வேலை முடிஞ்சு "இவ்வளவு மண்ணா போட்டீங்க?"ன்னு கேக்குற அன்னைக்கு அந்தத் தாள்தான் பேசும்.

டிப்பர் உள்ள வந்ததும் ஒருத்தர் ஏறி பாடியோட நீளம், அகலம், மண் நிக்கிற உயரம் மூணையும் அளக்கணும். மேல குவிச்சு வச்சிருக்கும், நாலு ஓரத்துல குறைவா இருக்கும், அதனால ஓரத்துல நாலு இடம் நடுவுல ஒரு இடம் கம்பியை விட்டுப் பார்த்து சராசரி எடுக்கணும். ஒவ்வொரு வண்டியையும் இப்படி அளக்க முடியாது, ஆனா தினமும் ரெண்டு வண்டியையாவது சொல்லாம கொள்ளாம அளந்தா குவாரியில இருந்தே சரியா வரும். மணிக்கணக்கு வேலைக்கு வேலை ஆரம்பிக்கும்போது ஹவர் மீட்டரை போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்ல போடுங்க, முடிஞ்சதும் இன்னொன்னு. டீ குடிச்ச நேரத்தைப் பத்தி யாரும் சண்டை போட மாட்டாங்க.

கிராவல், சவுடு எதுவா இருந்தாலும் கனிமவளத்துறை பர்மிட்டும் நடைச்சீட்டும் இல்லாம ஒரு லோடு கூட ஓட்டாதீங்க. பக்கத்து காட்டுலதானே எடுக்குறோம், பட்டா நிலம்தானேன்னு சொல்லுவாங்க. பட்டா நிலமா இருந்தாலும் மண்ணை எடுத்து விக்க அனுமதி வேணும், பிடிச்சா போறது உங்க வண்டி, மண்ணு கேட்டவரோடது இல்ல.

ஊருக்கு ஊரு மண்ணு வேற

கோவில்பட்டி, அருப்புக்கோட்டை பக்கம் கரிசல், மழைக்கு உப்பும் கோடைக்கு வெடிக்கும், அங்க நாலு அடி வானம் தோண்டி சாதாரண அஸ்திவாரம் போட்டா செவுரு கீறும், ஆழமா போகணும், இல்லன்னா இன்ஜினியர் சொல்றபடி பைல் (ஆழத் தூண் அஸ்திவாரம்) போடணும். தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கம் களி, அஞ்சு அடியிலயே தண்ணி ஊறும், மோட்டார் வாடகையும் மோட்டார் பார்க்குற ஆள் கூலியும் கொட்டேஷன்ல இருக்கணும். கோயம்புத்தூர், திருப்பூர், நாமக்கல் பக்கம் திடீர்னு பாறை தட்டும், "பாறை வந்தா பிரேக்கர் ரேட் தனி"ங்கற ஒரு வரியை எழுதாம அந்தப் பக்கம் யாரும் வேலை எடுக்காதீங்க. தெரியாத ஊர்ல வேலைன்னா பக்கத்து வீட்டுல கிணறோ செப்டிக் டேங்கோ தோண்டினவரைக் கண்டுபிடிச்சு ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்க, அவரை விட நல்ல மண் பரிசோதனை ரிப்போர்ட் ஆரம்பத்துல கிடைக்காது.

தோண்டுறதுக்கு முன்னாடி கீழ என்ன போகுதுன்னு கேளுங்க. ஈபி கேபிள், கூட்டுக் குடிநீர் குழாய், இன்டர்நெட் கேபிள், இப்ப கேஸ் பைப் வேற. இதுக்குன்னே மத்திய அரசு 2023 மார்ச்ல "கால் பிஃபோர் யூ டிக்"னு ஒரு ஆப் கொண்டு வந்தாங்க, அதுல தகவல் போடுங்க, போட்டுட்டு லைன்மேனையும் நேர்ல கேளுங்க. மேல பார்க்கறதும் அதே அளவு முக்கியம்: டிப்பர் பாடியைத் தூக்கும்போது மேல ஈபி லைன் இருந்தா அங்க கொட்டவே கூடாது, கொஞ்சம் தள்ளிக் கொட்டி பக்கெட்ல தள்ளிக்கலாம்.

அஞ்சு அடிக்கு மேல ஆழமான குழிக்குள்ள ஆள் இறங்கணும்னா பக்கம் சரிவா வெட்டணும், இல்ல பலகை முட்டு கொடுக்கணும். தோண்டின மண்ணை குழி ஓரத்துலயே குவிக்கக் கூடாது, குறைஞ்சது அஞ்சு அடி தள்ளி. மழை பெஞ்ச மறுநாள் யாரையும் உடனே இறக்காதீங்க, ஓரத்துல கீறல் விட்டிருக்கான்னு நீங்க சுத்தி நடந்து பார்த்துட்டுத்தான். ஒரு கன அடி மண்ணு ஐம்பது கிலோ இருக்கும், நெஞ்சு வரைக்கும் மூடினாலே மூச்சு விட முடியாது. இதுல மட்டும் நேரம் மிச்சம் பிடிக்கறேன்னு யாரும் சொல்லக் கூடாது, அப்பாவே சொன்னாலும் கேக்கக் கூடாது.

காங்கிரீட் நாள்

1,000 சதுர அடி, 5 இஞ்ச் தளம்னா 417 கன அடி, கிட்டத்தட்ட 12 கன மீட்டர். எம்20 கலவைன்னா சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3, ஒரு கன மீட்டருக்கு எட்டு மூட்டை, அப்ப 95 மூட்டை சிமெண்ட், ஒன்னே முக்கால் யூனிட் எம்சாண்ட், மூன்றரை யூனிட் முக்கால் இஞ்ச் ஜல்லி. பீம், சன்ஷேடு எல்லாம் தனி. இதை வாயில சொல்லாம சைட்ல ஒரு அட்டையில எழுதி மாட்டுங்க, வீட்டுக்காரரும் மேஸ்திரியும் ஒரே கணக்கைப் பார்க்கணும். கம்பிக்கு: விட்டத்தை எம்எம்ல எடுத்து அதை அதாலயே பெருக்கி 162ஆல வகுத்தா ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வரும், 12 எம்எம்னா 0.89 கிலோ. கடைக்காரர் அனுப்புற எடையை இதோட ஒப்பிட்டுப் பாருங்க.

முந்தின நாள் சாயங்காலம் நீங்களே சென்ட்ரிங் கீழ நடந்து ஒவ்வொரு முட்டுக் கம்பத்தையும் கையால ஆட்டிப் பாருங்க. ஈர மண்ணு மேல வெறும் முட்டு நிக்கக் கூடாது, கீழ பலகை வேணும். கவர் பிளாக் (கம்பிக்கு அடியில இடைவெளிக்கு வைக்கிற கட்டை) ஸ்லாபுக்கு 20 எம்எம், காலத்துக்கு (தூணுக்கு) 40, புட்டிங்குக்கு (தூணோட அஸ்திவாரத்துக்கு) 50. உடைஞ்ச ஜல்லியை கவர் பிளாக்குன்னு வைக்கிறதை விடவே விடாதீங்க. ஈபி பைப் எல்லாம் போட்டாச்சான்னு எலக்ட்ரீஷியனை வச்சே காட்டச் சொல்லுங்க. கம்பியை போட்டோ எடுங்க, இன்ஜினியர் பார்த்துட்டு எழுத்துல ஓகே சொல்லணும்.

அப்புறம் தண்ணி. காங்கிரீட்டைக் கெடுக்குறது சிமெண்ட் கம்மியா போடுறதை விட தண்ணி அதிகமா விடுறதுதான். எம்20 நாமினல் கலவைக்கு (மேல சொன்ன மாதிரி விகிதத்துல கலக்குறதுக்கு) இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்றது ஒரு மூட்டைக்கு 30 லிட்டர். மில்லர்கிட்ட நிக்கிறவர் பைப்பை அப்படியே விட்டுடுவாரு, தட்டு தூக்குறவங்களுக்கும் இளகலா இருந்தாத்தான் சுலபம், அவங்களைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்ல. பைப்பை எடுத்துட்டு 10 லிட்டர் வாளி மூணு வைங்க, அவ்வளவுதான், பிரச்சனை முடிஞ்சது. எம்சாண்ட் நனைஞ்சு வந்திருந்தா இன்னும் கம்மி. வைப்ரேட்டர் ஊசியை நேரா உள்ள விட்டு, குமிழி நின்னதும் மெதுவா எடுக்கணும், காங்கிரீட்டைத் தள்ளறதுக்கு அதை உபயோகிக்கக் கூடாது. காலத்துல மேல இருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல உயரத்துல இருந்து கொட்டக் கூடாது, ஜல்லி தனியா பிரிஞ்சு கீழ தேன்கூடு மாதிரி ஓட்டை விழும்.

ரெடிமிக்ஸ் (பிளான்ட்டுல கலந்து லாரியில வர்ற காங்கிரீட்) வாங்கினா சலான்ல கிரேடும் லோடு பண்ணின நேரமும் பாருங்க, ரெண்டு மணி நேரத்துக்குள்ள இறக்கி முடிக்கணும், டிராபிக்ல மாட்டி கெட்டியா வந்துடுச்சுன்னு டிரைவர் தண்ணி விட்டா திருப்பி அனுப்புங்க. எதுவா இருந்தாலும் அதே காங்கிரீட்டுல 150 எம்எம் கியூப் (பலம் சோதிக்கிற கட்டி) ஆறு போட்டு வைங்க, 7 நாள்ல மூணு, 28 நாள்ல மூணு, பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ் லேப்லயே உடைச்சுக் கொடுப்பாங்க. சின்ன வீட்டு வேலைக்கு யாரும் கேக்க மாட்டாங்க, நீங்களாவே போட்டு ரிசல்ட்டைக் கையில கொடுத்தா அடுத்த வேலை அவரே பிடிச்சுக் கொடுப்பாரு.

ஊத்தின காங்கிரீட்டுக்குத் தண்ணி கட்டுறது வீட்டுக்காரர் பொறுப்பா உங்க பொறுப்பான்னு முதல்லயே எழுதுங்க. இப்ப பெரும்பாலும் பிபிசி சிமெண்ட் (சாம்பல் கலந்தது), அதுக்கு குறைஞ்சது 10 நாள், நம்ம வெயிலுக்கு 14 நாள். முட்டு பிரிக்கறதுல அவசரம் வேண்டாம்: நாலரை மீட்டர் வரைக்கும் உள்ள ஸ்லாபுக்கு 7 நாள், அதுக்கு மேல 14 நாள், 6 மீட்டர் வரை பீமுக்கு 14 நாள், அதுக்கு மேல 21. இது சாதா ஓபிசி சிமெண்ட்டுக்கு (சாம்பல் கலக்காதது) சொன்ன குறைஞ்சபட்சம், பிபிசிக்கு இன்னும் கொஞ்சம் விடணும். அடுத்த சைட்டுக்கு ஷீட் வேணும்னு சீக்கிரம் பிரிக்கிற ஆசை வரும், அதுக்கு பதிலா ஒரு செட் ஷீட் வாடகைக்கு எடுத்துடுங்க.

ரேட், பில், பாக்கி

2025 ஏப்ரல்ல புது கனிம நில வரி வந்தப்ப ஜல்லி, எம்சாண்ட் விலை ஏறி கிரஷர்காரங்க ஸ்ட்ரைக்கே பண்ணாங்க, மெட்டீரியலோட பேசி கையெழுத்து போட்டவங்க எல்லாம் அப்ப திண்டாடினாங்க. அதனால கொட்டேஷன்ல தேதி, இந்த விலை எத்தனை நாளைக்கு, சிமெண்ட் கம்பி ஜல்லி எந்த விலைக்கு கணக்கு போட்டது, அதுக்கு மேல ஏறினா வித்தியாசம் யாருதுன்னு இருக்கணும். சதுர அடிக்கு இவ்வளவுன்னு மொத்தமா பேசுறவங்க எதெல்லாம் சேராதுன்னு எழுதுங்க: சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட், மண் நிரப்புறது.

தவணை எப்பவும் வேலைக்கு முன்னாடி வரணும், பின்னாடி இல்ல. காங்கிரீட்டுக்கு முந்தின நாள் மெட்டீரியல் காசு கைக்கு வரலைன்னா தேதியைத் தள்ளி வைங்க, ஊத்தின பிறகு கேக்குறதுக்கு உங்க கையில எதுவும் இருக்காது. கடைசித் தவணை சின்னதா இருக்கிற மாதிரி பிரிச்சுக்கங்க, பத்து சதவீதத்துக்கு மேல கடைசியில நிக்கக் கூடாது. நடுவுல "அப்படியே ஒரு படிக்கட்டு போட்டுடுங்க"ன்னு சொல்றதுக்கு எல்லாம் அன்னைக்கே வாட்ஸ்அப்ல தொகையோட அனுப்பி "சரி"ன்னு பதில் வாங்குங்க. ஆள் கூலி சனிக்கிழமை சாயங்காலம் பாக்கி வைக்காம கொடுத்துடணும், வீட்டுக்காரர் கொடுத்தாலும் கொடுக்காட்டியும். அதுக்குன்னு ரெண்டு வாரக் கூலியை எப்பவும் அக்கவுண்ட்ல தொடாம வைங்க.

வேலை வருஷம் பூரா ஒரே மாதிரி வராது. ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி இந்த நாலு மாசத்துல வாஸ்து நாள் கிடையாது, புது வீடு தொடங்குறது குறையும். ஐப்பசி கார்த்திகையில மழை, மண் வேலை நின்னுடும். தை பிறந்தா எல்லாரும் ஒரே நேரத்துல கூப்பிடுவாங்க. தவணை மட்டும் பன்னிரண்டு மாசமும் வரும், அதனால தையில இருந்து வைகாசி வரைக்கும் வர்ற காசுல மழைக்கால ரெண்டு மூனு தவணையை முன்னாடியே ஒதுக்குங்க. வண்டி சும்மா நிக்கிற அந்த மழை மாசத்துலதான் ஹைட்ராலிக் ஹோஸ், பின்னு புஷ், பிரேக் எல்லாம் பார்க்கணும், சென்ட்ரிங் ஷீட்டைச் சுரண்டி ஆயில் போட்டு அடுக்கணும், நின்னு போன பாக்கிக்கு எல்லாம் நோட்டை எடுத்துட்டு நேர்ல போகணும்.